பாசியின் நஞ்சு மீனுக்குள் எப்படி ஏறுகிறது? பெரிய மீனைத் தவிர்த்தால் போதுமா?

கெடிலக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பக் குழுவில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று சுற்றி வருகிறது. கடல் நீர் நிறம் மாறினால் அதன்பின் பல மாதங்களுக்கு மீன் உண்ணக் கூடாது என்றும், பாசியில் உண்டாகும் நஞ்சு பெரிய மீன்களில் மட்டுமே சேரும் என்றும், சிறிய மீன்களை அச்சமின்றி உண்ணலாம் என்றும் அது அடித்துச் சொல்கிறது. 2023 அக்டோபரில் புதுச்சேரிக் கடற்கரையில் நீர் செந்நிறமாகத் தெரிந்தபோது எடுத்த படமும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. செய்தி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வஞ்சிரமும் களவாவும் வாங்குவதை மாமியார் நிறுத்திவிட்டார். நெத்திலியும் கவலையும்தான் குழம்பில் விழுகின்றன.

தொழிற்சாலைக் கழிவைப் பற்றி இங்கே ஏற்கனவே நிறையப் பேசியிருக்கிறோம். நான் கேட்பது இயற்கையாகவே பாசியில் உண்டாகும் நஞ்சைப் பற்றி மட்டும். அது மீனின் உடலுக்குள் எவ்வாறு போய்ச் சேர்கிறது? சேர்ந்தது வெளியேறிவிடுமா, தங்கிவிடுமா? கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் போகும் மீனுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெள்ளாற்றுமுகம்

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தச் செய்தியின் அடிப்படைக் கோளாறு, பாசி நஞ்சு என்பது ஒரே பொருள் என்று எண்ணிக்கொள்வதில் இருக்கிறது. கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் ஆயிரக்கணக்கான இனங்கள் உள்ளன. அவற்றுள் நஞ்சை உண்டாக்கக்கூடியவை சில நூறைத் தாண்டா. அந்தச் சில நூறும் ஒரே நஞ்சை உண்டாக்குவதில்லை. எந்தப் பாசி, அது நீரின் மேற்பரப்பில் மிதப்பதா அடித்தரையில் ஒட்டி வளர்வதா, அதன் நஞ்சு கொழுப்பில் கரைவதா நீரில் கரைவதா, மீனின் எந்த உறுப்பில் போய்த் தங்குகிறது என்னும் கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் எந்த மீனை, எப்போது அஞ்ச வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் நிறமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகக் கரையில் நாம் அடிக்கடி காண்பது நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச் செல் உயிரி பெருகுவதைத்தான். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீல ஒளி வீசியதற்கும், 2008-இலும் 2019-இலும் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதற்கும் அதுவே காரணம். பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர்கள் இதைப் பூங்கோரை என்கிறார்கள். நாக்டிலூக்கா தானாக நஞ்சை உண்டாக்குவதில்லை. அதன் உடலில் அம்மோனியா மிகுதி; பெருகியது மொத்தமாக மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. அப்படிச் செத்து ஒதுங்கிய மீனை யாரும் எடுத்துச் சமைக்கக் கூடாது என்பது சரியே. ஆனால் அது செத்த மீன் என்பதற்காகவே தவிர, உயிரோடு தப்பிய மீனின் தசையில் மாதக்கணக்கில் நஞ்சு சேர்ந்திருக்கும் என்பதற்காக அன்று.

மறுபக்கம், மீன் வழியாக மனிதரை அதிகம் நோயுறச் செய்யும் பாசி நஞ்சு நீரின் நிறத்தை மாற்றுவதே இல்லை. அதன் பெயர் சிகுவாடாக்சின். அதை உண்டாக்கும் கேம்பியர்டிஸ்கஸ் என்னும் நுண்பாசி நீரில் மிதந்து பெருகுவதன்று. செத்த பவளத்தின் மேலும், பாறையில் வளரும் பெரிய பாசிகளின் மேலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. மேலே கடல் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். பிரெஞ்சுப் பாலினீசியாவின் கேம்பியர் தீவுகளில் 1970-களில் ஜப்பானிய அறிஞர் யசுமோட்டோவின் குழு இதைக் கண்டறிந்தது. தீவின் பெயரே பாசிக்கும் வந்தது.

அது ஏறும் வழி இதுதான். ஓரா, கிளி மீன் போன்ற மேய்ச்சல் மீன்கள் பவளத்தின் மேலுள்ள பாசியைச் சுரண்டித் தின்னும்போது நுண்பாசியும் சேர்ந்து உள்ளே போகிறது. பாசியில் இருக்கும் வடிவத்தில் அந்த நஞ்சு ஒப்பீட்டளவில் வீரியம் குறைந்தது. மீனின் உடல், அயற்பொருளை வெளியேற்ற முனையும் தன் வழக்கமான முறையில், அந்த மூலக்கூற்றில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. விளைவாகப் பல மடங்கு வீரியம் மிக்க வடிவம் உருவாகிறது. அந்த மேய்ச்சல் மீன்களைச் சங்கராவும் களவாவும் தின்கின்றன. அவற்றைச் சீலாவும் அஞ்சாலையும் தின்கின்றன. நஞ்சு கொழுப்பில் கரைவதாகையால் சிறுநீரோடு எளிதில் கழிந்துபோவதில்லை. உள்ளே வரும் வேகம் வெளியேறும் வேகத்தைவிட மிகுந்திருக்கும் வரை அது ஏறிக்கொண்டே போகும். ஈரலிலும் குடலிலும் சினையிலும் தசையைவிடப் பல மடங்கு செறிவாகத் தங்கும்.

வீராம்பட்டினம் வலைக்காரர்

அக்கா, நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் போய் வருபவன். வெள்ளாற்றுமுகம் ஐயா சொல்வது பவளப் பாறைக் கடலுக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் கடல் அப்படிப்பட்டது அன்று. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு என்று வரிசையாக ஆறுகள் வந்து விழுகிற இடத்தில் அடித்தரை மணலும் சேறும்தான். வலையை இழுத்தால் சேறு அப்பிக்கொண்டு வருமே தவிரப் பவளத் துண்டு வராது. இங்கே பிடிக்கிற மீனைப் பார்த்து மக்கள் அஞ்சினால் ஏலத்தில் விலை விழுகிறது. 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் கடலுக்குப் போகிறவனுக்கு அந்த நேரத்தில் இப்படி ஒரு வதந்தி வந்தால் டீசல் காசுகூடத் தேறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தையில் விற்கிற களவா எல்லாம் எங்கள் படகில் வந்ததென்று எண்ண வேண்டாம். ஐஸ் பெட்டியில் லாரி ஏறி ராமேஸ்வரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிறது.

வெள்ளாற்றுமுகம்

வலைக்காரர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நம் கரையோரத்தில் பிடிபடும் காரப்பொடி, கானாங்கெளுத்தி, பாறை, நெத்திலி ஆகியவற்றுக்கும் சிகுவாடாக்சினுக்கும் தொடர்பு மிகவும் குறைவு. லாரியைப் பற்றி அவர் எழுதிய கடைசி இரண்டு வரிகள்தான் இந்த இழையிலேயே மிகவும் பயனுள்ளவை என்பது என் எண்ணம். 2016-ஆம் ஆண்டு மங்களூருவில் சிவப்புச் சங்கராவை, குறிப்பாக அதன் தலையை உண்ட பலர் நோயுற்றனர். அதையடுத்து நடந்த ஆய்வில் இருபுள்ளிச் சிவப்புச் சங்கராவில் சிகுவாடாக்சின் இருப்பது உறுதிசெய்யப்பட்டது. மங்களூருவின் கரையும் பவளப் பாறைக் கரை அன்று. மீன் எங்கே இறங்கியது என்பதைவிட எங்கே மேய்ந்தது என்பதே முக்கியம்.

ஏற்றுமதித் தரம்

நான் கடலுணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டாவது, வலைக்காரருக்குச் சற்றுக் கசப்பாக இருக்கலாம்.

முதலாவது, "பெரிய மீனில்தான் நஞ்சு" என்னும் விதியைப் பற்றியது. இந்த விதி பாதரசத்திலிருந்து இரவல் வாங்கப்பட்டது என்று நினைக்கிறேன். மெத்தில் பாதரசம் தசையின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. மீன் வளர வளர, வயது ஏற ஏற, அதுவும் ஏறுகிறது. ஆகவே எடையைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். சிகுவாடாக்சின் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. பிரெஞ்சுப் பாலினீசியாவில் ஒரே இடத்தில் பிடித்த ஒரே இனத்து மீன்களைச் சோதித்தபோது, எடைக்கும் நஞ்சின் அளவுக்கும் பெரும்பாலான இனங்களில் நம்பத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. ஒரு மீன் நஞ்சுள்ள மேய்ச்சலில் சில காலம் இருந்துவிட்டு அப்பால் போனால், நஞ்சு மெல்லக் கழிகிறது. உடலும் பெருப்பதால் இருக்கிற நஞ்சு அதிகத் தசையில் பரவி நீர்த்தும் போகிறது. ஒன்றரைக் கிலோ மீன் நோய் தருவதும், பக்கத்தில் கிடக்கும் எட்டுக் கிலோ மீன் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் நடக்கக்கூடியதே. பாறைக் கடல் மீனில் மிகப் பெரியவற்றைத் தவிர்ப்பது வாய்ப்பைக் குறைக்கும், உறுதி தராது. கடலின் மேற்பரப்பில் திரியும் சூரையோ எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

இரண்டாவது, மணல் தரை என்பதே காப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையில் பிளாட்டிபஸ் விரிகுடா என்று ஓர் இடம் இருக்கிறது. தரை பெரும்பாலும் மணல்தான். அங்கே தரையில் ஒட்டாமல் உருண்டு திரியும் ஒருவகைப் பச்சைப் பாசியின் மேல் கேம்பியர்டிஸ்கஸ் குடியேறியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தப் பாசிக் குவியலில் வாழும் சிறு இறால்கள், அவற்றைத் தின்னும் சிறு மீன்கள், அவற்றைத் தின்னும் வஞ்சிரம் என்று சங்கிலி போயிருக்கிறது. ஆம், நாம் வாங்குகிற அதே வஞ்சிர இனம்தான். பவளமும் இல்லை, கிளி மீனும் இல்லை. நஞ்சு மட்டும் வந்துவிட்டது.

நம் கரையிலும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. சங்கிலிக்குத் தேவையானது பவளம் அன்று, பாசி ஒட்டிக்கொள்ள ஓர் இடமும் அதைத் தின்ன ஒரு வாயும்தான் என்பதையே சொல்கிறேன். ராண்டல் என்னும் மீனியல் அறிஞர் 1958-இல் இந்த நஞ்சு அடித்தரைப் பாசியிலிருந்து உணவுச் சங்கிலி வழியாக வருவதாக முன்மொழிந்தபோதே, புயலாலோ கட்டுமானத்தாலோ கடலடியில் புதிதாக வெறும் பரப்பு தோன்றினால் அதில் முதலில் குடியேறும் பாசிகளோடு இதுவும் வரலாம் என்று கருதினார். பாசி அடையாளம் காணப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் இதைச் சொன்னார் என்பது வியப்புக்குரியது. புதுச்சேரிக் கடற்கரையை மீட்க முன்னே நீருக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டைச் சுற்றி இப்போது மீன் கூடுவதாகச் சொல்கிறார்கள். அதன் மேல் வளரும் பாசியை அவ்வப்போது எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அன்று.

வீராம்பட்டினம் வலைக்காரர்

கசப்பு ஒன்றும் இல்லை ஐயா. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்ததை வைத்து இங்கே வஞ்சிரத்தின் விலை குறையக் கூடாது என்பதுதான் என் கவலை. பாசியைப் பார்க்கச் சொல்கிறீர்கள், பார்க்கட்டும். பார்த்து ஒன்றும் இல்லையென்றால் அதையும் இதே போல் எல்லோருக்கும் தெரியும்படி சொல்ல வேண்டும்.

கெடிலக்கரை

மூவருக்கும் நன்றி. அப்படியானால் சிறிய மீன் பாதுகாப்பானது என்ற கூற்று? எங்கள் வீட்டில் இப்போது நாள்தோறும் நெத்திலிதான்.

வெள்ளாற்றுமுகம்

இங்கேதான் அந்தச் செய்தி நேரெதிராகப் போகிறது. நெத்திலி, கவலை, மத்தி ஆகியவை நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பவை. மிதக்கும் பாசியில் நஞ்சு இருந்தால் சங்கிலியின் முதல் கண்ணியே இவைதான். சூடோநிட்சியா என்னும் ஊசி வடிவப் பாசி டொமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சை உண்டாக்குகிறது. 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கல்லுமக்காய் வகைச் சிப்பியை உண்டவர்கள் இதனால் நோயுற்றுச் சிலர் இறந்தனர்; பிழைத்தவர்களில் சிலருக்கு அண்மை நினைவு அழிந்தது. 1991-இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் செத்து விழுந்தன. அவை தின்றது அந்தக் கடலின் நெத்திலி.

ஆனால் இதன் போக்கு சிகுவாடாக்சினைப் போன்றது அன்று. டொமோயிக் அமிலம் நீரில் கரைவது. மீனின் குடலில், அதாவது இன்னும் செரிக்காத பாசியில்தான் அது பெரும்பாலும் இருக்கிறது. தசைக்குள் ஏறுவது மிகச் சிறிய பங்கு. பாசி தீர்ந்ததும் சில நாட்களில் மீன் அதைக் கழித்துவிடுகிறது. முழு மீனை விழுங்கும் பறவை செத்ததற்கும், குடலை நீக்கி உண்ணும் மனிதன் பெரும்பாலும் தப்புவதற்கும் காரணம் இதுவே. நெத்திலியின் தலையை இரு விரலால் கிள்ளிச் சற்றே கீழ்நோக்கி இழுத்தால் கறுத்த நூல் போன்ற குடலும் கூடவே வந்துவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. அந்த ஒரு கிள்ளலில் இந்த நஞ்சின் பெரும்பகுதி போய்விடுகிறது. நேரமின்மையால் அலசி அப்படியே பொரிப்பவர்களும், குடலோடு மணலில் காய்ந்த நெத்திலிக் கருவாட்டை அப்படியே வறுப்பவர்களும்தான் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெயிலும் உப்பும் எண்ணெயின் சூடும் இந்த நஞ்சுகளை அழிப்பதில்லை.

ஏற்றுமதித் தரம்

வெள்ளாற்றுமுகம் அவர்கள் சொன்னதோடு ஒரு விதிவிலக்கைச் சேர்க்கிறேன். மிக அரிதாக, வெப்பமண்டலக் கடல்களில் மத்தி இன மீன்களால் உயிருக்கே ஆபத்தான நஞ்சேற்றம் நேர்ந்திருக்கிறது. 1994-இல் மடகாஸ்கரில் மத்தி வகை ஒன்றை உண்ட பெண் ஒருவர் இறந்தார்; எஞ்சிய மீன் தலைகளை ஜப்பானில் ஆராய்ந்தபோது பாலிடாக்சின் வகை நஞ்சு தென்பட்டது. அந்த மீன்களின் செவுளிலும் உணவுக்குழாயிலும் அடிச்சேறு இருந்ததால், மிதக்கும் மீனாயினும் அடித்தரையிலிருந்து ஆஸ்டிரியாப்சிஸ் என்னும் பாசியை அது எடுத்திருக்கும் என்று கருதுகிறார்கள். இதைச் சொல்வது அச்சமூட்ட அன்று; வகைப்பாட்டை அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பதற்காகத்தான்.

உப்பளத்து வாசகர்

அப்படியானால் உயிரோடு துள்ளும் மீன் நல்ல மீன் என்பதும் நம்பத்தக்கது அன்றா? நஞ்சு மீனையே கொல்லாதா? கொல்லும் அளவு இருந்தால் நம் வலைக்கே வராது என்று எங்கள் பெரியப்பா வாதிடுகிறார்.

வெள்ளாற்றுமுகம்

பெரியப்பாவின் வாதம் ஒரு நஞ்சுக்குப் பொருந்தும், மற்றொன்றுக்குப் பொருந்தாது.

சாக்ஸிடாக்சின் என்று ஒன்று உண்டு. தசையைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்துவது. 1976-இல் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஹெர்ரிங் மீன்கள் கூட்டமாகச் செத்தன. அவை நேரடியாகப் பாசியைத் தின்னவில்லை. பாசியைத் தின்ற சிறு மிதவை நத்தைகளைத் தின்றிருந்தன. இந்த நஞ்சு உடலில் பரவினால் மீன் பெரும்பாலும் தானே முந்திக்கொண்டு செத்துவிடுகிறது. எனவே உயிருள்ள மீனின் தசையில் அது பெரிய அளவில் சேர்வதில்லை. ஆயினும் உள்ளுறுப்புகளின் கதை வேறு. 1987-இன் இறுதியில் அமெரிக்காவின் கேப் காட் கடலில் 14 கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அடுத்தடுத்துச் செத்தன. அவை தின்ற கானாங்கெளுத்தி வகை மீனின் ஈரலில் சாக்ஸிடாக்சின் இருந்தது. மீன்கள் நலமாக நீந்திக்கொண்டிருந்தவை.

புளோரிடாவில் இதைவிடத் தெளிவான நிகழ்வு ஒன்று உண்டு. அங்கே கரேனியா என்னும் பாசி பிரெவிடாக்சினை உண்டாக்கிக் கடலையே சிவக்க வைக்கும். மீன்கள் டன் கணக்கில் சாகும். அதனால், சாகாத மீனில் அந்த நஞ்சு இராது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2004-இல் 107 ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்தபோது கடல் சிவந்திருக்கவில்லை, பாசிப் பெருக்கமும் கண்ணில் படவில்லை. அவற்றின் வயிற்றில் இருந்த, பாசி தின்னும் மீன்களில் பிரெவிடாக்சின் மிகுந்திருந்தது. உயிருள்ள மீன் அந்த நஞ்சைச் சுமந்து திரிய முடியும் என்பது சோதனையிலும் உறுதியாயிற்று. கெடிலக்கரை அவர்கள் முதலில் கேட்ட "நிறம் மாறினால்" என்ற அடையாளம் எவ்வளவு தளர்வானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயும் நஞ்சு பெரும்பாலும் உள்ளுறுப்புகளில்தான், தசையில் குறைவு.

சிகுவாடாக்சினோ, நோய் தரும் அளவில் இருக்கும்போதும் வளர்ந்த மீனிடம் எந்த மாற்றத்தையும் காட்டுவதில்லை. முட்டையிலிருந்து பொரிக்கும் குஞ்சுகளை அது ஊனப்படுத்துவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சந்தைக்கு வரும் மீனில் கண்ணும் செவுளின் சிவப்பும் மணமும் எல்லாம் முதல்தரமாகவே இருக்கும்.

ஏற்றுமதித் தரம்

அளவையும் சொல்லிவிட்டால் இது விளங்கும். பசிபிக் வகைச் சிகுவாடாக்சினுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்துள்ள வழிகாட்டு வரம்பு ஒரு கிலோ மீனுக்கு 0.01 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, 100 கிலோ மீனில் பரவியிருந்தாலே அந்த வரம்பு எட்டப்பட்டுவிடும். டொமோயிக் அமிலத்துக்கான வரம்போ சிப்பியில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். வெள்ளி நாணயத்தைச் சேர்த்து வேகவைத்துக் கறுக்கிறதா என்று பார்ப்பது, ஈ மொய்க்காத மீனை ஒதுக்குவது போன்ற முறைகள் பல நாடுகளில் வழங்குகின்றன. இவை எதுவும் வேலை செய்யாது. எலிச் சோதனை, நரம்புச் செல் சோதனை, நிறமாலைக் கருவி ஆகியவைதாம் வழி. துறைமுகத்தில் நின்றபடி செய்யக்கூடியவை அல்ல.

பிச்சாவரத்தான்

மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஆற்று முகத்தில் மட்டி அள்ளி உண்பவர்கள் பலர். அதற்கும் இதே கணக்குத்தானா?

வெள்ளாற்றுமுகம்

மட்டிக்கு இதைவிடக் கடுமையான கணக்கு. தமிழ்நாட்டிலேயே, கல்பாக்கம் பக்கத்து வயலூரில் 1981-இல் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். சாக்ஸிடாக்சின் வகைதான். மீன் சாவதுபோல் மட்டி சாவதில்லை, நாள் முழுவதும் நீரை வடிகட்டி நஞ்சைத் தேக்கி வைத்துக்கொள்ளும், குடலைத் தனியே நீக்கவும் வழியில்லை, முழுவதுமாகத்தான் உண்கிறோம். நீர் நிறம் மாறி மீன் ஒதுங்கிய நாட்களில் உங்கள் ஆற்று முகத்து மட்டியைச் சில வாரங்கள் விட்டுவிடுவதே அறிவுடைமை. அந்த வாட்ஸ்அப் செய்தியை எழுதியவர் மீன் என்ற இடத்தில் மட்டி என்று எழுதியிருந்தால் நான் மறுத்திருக்கவே மாட்டேன்.

முத்தியால்பேட்டை மருத்துவர்

இழையை முழுவதும் படித்தேன். நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். மீன் உண்டபின் வரும் ஒவ்வாமை எல்லாம் பாசி நஞ்சு அன்று. புதுச்சேரியில் நான் காண்பவற்றுள் பெரும்பாலானவை, ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் பாக்டீரியா உண்டாக்கிய ஹிஸ்டமினால் வருபவை. உண்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, தடிப்பு எழுந்து, தலை வலிக்கும். சில மணி நேரத்தில் தணியும். பேத்தை மீனின் நஞ்சும் பாசியிலிருந்து வருவது அன்று. அது பாக்டீரியாக்களோடு தொடர்புடையது.

சிகுவாடாக்சின் நரம்பிலுள்ள சோடியம் வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். பிறகு உதட்டிலும் விரல் நுனியிலும் ஊறல், மூட்டு வலி, அரிப்பு. சிலருக்கு நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் குறையும். குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோல் எரியும் என்பதுதான் இதன் தனி அடையாளம். ஐஸ் தண்ணீர்க் குவளையைப் பிடித்தவர் கையை உதறிக்கொள்வார். வயிற்றுக் கோளாறு ஓரிரு நாளில் அடங்கினாலும் நரம்பின் தொல்லை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இந்த நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. உடல் நீர் குறையாமல் பார்த்து, நாடியைக் கவனித்து, தொல்லைக்கேற்ற மருந்து தருவதுதான் முறை. உயிரிழப்பு அரிது. குணமாகும் வரை மதுவையும் மீனையும் தவிர்க்கச் சொல்கிறோம். இரண்டும் அறிகுறிகளைத் திரும்ப எழுப்பக்கூடும்.

1774-இல் கேப்டன் குக்கின் கப்பல் இன்றைய வனுவாட்டுப் பக்கம் நின்றபோது, சிவப்பு மீன்களை உண்ட கப்பல்காரர்கள் இதே அறிகுறிகளால் படுத்தார்கள். எச்சத்தைத் தின்ற நாய்களும் பன்றியும் தப்பவில்லை. அந்தக் குறிப்பைப் படித்தால் இன்றைய நோயாளியின் விவரத்தைப் படிப்பது போலவே இருக்கும்.

கெடிலக்கரை

மாமியாருக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். வஞ்சிரம் திரும்பிவிட்டது, நெத்திலியைக் கிள்ளிச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. கடைசியாக ஒன்று. சங்கராத் தலையும் மீன் சினையும் எங்கள் வீட்டில் பிள்ளைப் பேறு முடிந்தவர்களுக்கென்றே தனியாக எடுத்து வைப்பது வழக்கம். நாத்தனார் இப்போது குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். அதைத் தொடரலாமா?

முத்தியால்பேட்டை மருத்துவர்

உள்ளூர்ப் படகில் வந்த பாறை, கானாங்கெளுத்தி, கொடுவா என்றால் தயங்க வேண்டாம் அம்மா. பாலூட்டும் தாய்க்கு மீன் நல்ல உணவு. பெரிய சங்கரா, களவா, சீலா ஆகியவற்றின் தலை, ஈரல், சினை மட்டும், அவை எந்தக் கடலில் பிடிபட்டவை என்று கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால், இந்த மாதங்களில் வேண்டாம். சிகுவாடாக்சின் தாய்ப்பாலின் வழியாகக் குழந்தைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

யாருக்கேனும் மீன் உண்டபின் உதடு ஊறலோ குளிர்நீர் எரிச்சலோ வந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்வதோடு, குழம்பில் மீந்த துண்டையும் கழுவிப் போட்ட தலையையும் குப்பையில் எறிந்துவிடாமல் நெகிழிப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். என்ன மீன், யாரிடம் வாங்கியது, அதே மீனை வேறு யார் உண்டார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். மனித இரத்தத்தில் இந்த நஞ்சை உறுதிசெய்யும் வழக்கமான பரிசோதனை கிடையாது. ஆய்வகத்துக்கு அனுப்பக் கையில் இருப்பது அந்த மீன் துண்டு மட்டும்தான்.

வீராம்பட்டினம் வலைக்காரர்

எந்தக் கடலில் பிடித்தது என்று கடையில் சொல்லத் தெரியாவிட்டால், விடியற்காலை தேங்காய்த்திட்டுக்கோ முதுநகருக்கோ நேரே வந்து ஏலத்தில் எடுங்கள் அக்கா. வலை போட்ட இடத்தைப் படகுக்காரனே சொல்லுவான்.